முதலும் நானே, இரண்டாவதும் நானே

போன வாரம் நம் ஆறாம் ஆண்டு வகுப்புக் குழுவில் யாரோ ஒரு பழைய படத்தைப் போட்டிருந்தீர்கள். பள்ளி விளையாட்டுப் போட்டி முடிந்து பரிசு மேடையில் எடுத்தது. முதல் படியில் இடமில்லாமல் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்துகொண்டு நாங்கள் இரண்டு பேர். இரண்டாம் படி காலி. மூன்றாம் படியில் மஞ்சள் விளையாட்டு இல்லத்துக்காரி முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நிற்கிறாள். உடனே ஆரம்பித்துவிட்டீர்கள். அவள்தான் ஜெயித்தாள் என்று பாதிப் பேர், நான்தான் என்று பாதிப் பேர். கடைசியில் யாரோ, “அவளையே கேளுங்க லா” என்று என் பெயரைத் தட்டினீர்கள். அதோடு எல்லாரும் கப்சிப். படத்தில் என்னோடு நிற்பவள் செத்து நாலு மாதம்தான் ஆகிறது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்திருக்கும்.

நான் அழுதுகொண்டிருப்பேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் பெர்மாஸ் ஜெயாவில் வேலை செய்யும் டோபி கடையில் கல்யாண மண்டபத்து மேசைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். அழுதுகொண்டேதான் மடித்தேன். துவைத்த துணி மறுபடி நனைந்ததைப் பார்த்துவிட்டு முதலாளியம்மா கத்தினார்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். குரல் பதிவில் சொன்னால் பாதியிலேயே நிறுத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், எழுத்துப் பிழை இருந்தால் டீச்சர் மாதிரி சிவப்பு மையில் திருத்தாதீர்கள்.

அவள் என் மாமன் மகள். அம்மாவுடைய அண்ணன் பெண். குளுவாங்குக்கு வெளியே நாங்கள் இருந்த தாமான் குடியிருப்பில் அவர்கள் வீடும் எங்கள் வீடும் முதுகும் முதுகுமாக இருக்கும். ஒரே ஆஸ்பத்திரியில் அவள் செவ்வாய்க்கிழமை பிறந்தாள், நான் வியாழக்கிழமை. அந்த இரண்டு நாளைக்கூட அவள் கணக்கில் சேர்த்துக்கொள்வாள். “பொறக்குறதுலயே நாந்தான்டி ஃபர்ஸ்ட்” என்பாள்.

அந்த வருஷம் முழுக்க வீட்டுக்குப் பின்னாலிருந்த சந்தில் ஓடினோம். முதல் விளக்குக் கம்பத்தில் ஆரம்பித்து நாலாவது கம்பத்தில் முடியும். பக்கத்தில் பெரிய சாக்கடை, அதற்கு அப்பால் செம்பனைத் தோட்டம். மழை பெய்து விட்டதும் அழுகின பழத்தின் எண்ணெய் வாசனையும் சாக்கடை வாசனையும் சேர்ந்து வரும். இன்றைக்கும் அந்த வாசனை வந்தால் என் கால் தானாகப் பரபரக்கிறது. யாரும் நடுவர் இல்லை. முடித்ததும் சண்டை.

“என் தல முன்னாடி வந்துச்சு.”

“என் காலு முன்னாடி வந்துச்சு.”

“உன் தல பெருசு, அதனால வந்துச்சு.”

“உன் காலு கோணலு, அதனால வந்துச்சு.”

இப்படியே பொழுது சாய்ந்து மகரிப் பாங்கு கேட்கிறவரை போகும். பிறகு இரண்டு அம்மாக்களும் அவரவர் பின்வாசலிலிருந்து கத்துவார்கள்.

அவளுக்குக் கழுத்து நீளம். ஓடும்போது கொக்கு மாதிரி நீட்டிக்கொண்டு ஓடுவாள். எனக்குக் கழுத்தே கிடையாது, தொப்பை உண்டு. அதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அதற்கு நீங்கள் வைத்த பட்டப் பெயர்களெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. விளையாட்டு சார்தான் எங்களுக்கு அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தார். கோடு நெருங்கும்போது தலையை நீட்டாதே, கையை நீட்டாதே, நெஞ்சை முன்னால் தள்ளு என்றார். அவள் தள்ளினால் நெஞ்சு போகும். நான் தள்ளினால் வயிறுதான் போகும். எனக்கு நெஞ்சு என்று தனியாக ஒன்று அப்போது இல்லை. கழுத்து இருக்க வேண்டிய இடத்திலிருந்தே வயிறு ஆரம்பித்துவிடும்.

இந்தப் பயிற்சியை வீட்டுக்குள்ளும் செய்தோம். சமையலறை வாசல்படிதான் கோடு. ஒருநாள் ஒரே நேரத்தில் நெஞ்சைத் தள்ளி, இரண்டு பேரும் வாசலில் மாட்டிக்கொண்டோம். மாமா வந்து பின்னாலிருந்து தள்ளிவிட்டார்.

விளையாட்டுப் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது சார் வகுப்புக்கு வந்தார். அவர் கையில் எப்போதும் ஒரு தடித்த ஃபைல் இருக்கும். ஓட்டப் பந்தய விதிமுறை எல்லாவற்றையும் அதில் கோத்து வைத்திருப்பார். சாப்பிடும்போதுகூட அதை மடியில்தான் வைத்திருப்பார்.

“நூறு மீட்டர் பொண்ணுங்க. நம்ம ஸ்கூலுக்கு ஒரு எடம்தான் குடுத்திருக்காங்க. ஃபர்ஸ்ட் வர்றவங்க மட்டும் மாவட்டப் போட்டிக்குப் போகலாம்.”

மாவட்டப் போட்டி குளுவாங் டவுன் ஸ்டேடியத்தில். சிவப்பு ரப்பர் ஓடுபாதை. பஸ்ஸில் கூட்டிப்போவார்கள். மத்தியானம் கோழிச் சோறு பொட்டலம். எல்லாவற்றுக்கும் மேலே, முதுகில் பள்ளிப் பெயர் போட்ட நீல நிற ட்ராக் சூட், ஜிப் வைத்தது. அதுவரை எனக்கு என்று புதிதாக ஜிப் வைத்த துணி எதுவும் வாங்கியதில்லை. எல்லாம் அக்காமார் போட்டுக் கழித்தது, ஜிப் பல்லிளித்தது. அந்த ட்ராக் சூட்டை நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவளுக்கு ட்ராக் சூட் பெரிதில்லை. “அங்க கோட்டுலயே கேமரா வச்சிருப்பாங்களாம்டி. சண்டையே போட முடியாதாம். அதப் பாக்கணும்” என்றாள். நான்தான் போகணும் என்று நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க நாங்கள் சேர்ந்து ஓடவில்லை. அவள் காலையில் ஓடினாள், நான் சாயங்காலம் ஓடினேன்.

நம் திடலை மறந்திருக்க மாட்டீர்கள். நூறு மீட்டர் நீளம் அதற்குக் கிடையாது. அதனால் தொடக்கக் கோட்டை ஆசிரியர்கள் கார் நிறுத்துகிற இடத்தில் போட்டிருந்தார்கள். முதல் இருபது மீட்டர் தார், பிறகு புல், நடுவில் ஒரு சின்னப் பள்ளம். முடிவுக்கோட்டில் சிவப்பு உல்லன் நூல். அதை வழக்கமாக மாணவத் தலைவர்கள் இரண்டு பேர் பிடிப்பார்கள். அந்த வருஷம், பெற்றோர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சாருக்கு ஆசை. கூட்டத்தில் முன்வரிசையில் நின்ற இரண்டு அம்மாக்களைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு முனையைக் கொடுத்துவிட்டார். ஒருத்தர் என் அம்மா. இன்னொருத்தர் அவளுடைய அம்மா, என் அத்தை.

சாருக்குத் தெரியாது, அவர்கள் இரண்டு பேரும் தீபாவளியிலிருந்து பேசிக்கொள்வதில்லை. அம்மாவின் முறுக்கு அச்சை அத்தை இரவல் வாங்கிப்போய்த் திருப்பிக் கொடுத்தபோது நட்சத்திர ஓட்டை போட்ட தட்டு அதில் இல்லை. கொடுக்கும்போதே இல்லை என்றார் அத்தை. ஆறு மாதமாக முறுக்கு இல்லை, பேச்சும் இல்லை. மாமாதான் இரண்டு வீட்டுக்கும் நடுவில் தூது போய்க்கொண்டிருந்தார்.

இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. பேசிக்கொள்ளாத இரண்டு பேரை ஒரு நூலின் இரண்டு முனையைப் பிடிக்கச் சொல்லி, அந்த நூலை நோக்கி அவர்கள் பெற்ற பிள்ளைகளை ஓடவிட்ட ஒரே ஆசிரியர் நம் சார்தான்.

ஆரம்பிக்கும் முன்பே அங்கே சண்டை ஆரம்பித்துவிட்டதாம்.

“அண்ணி, நூல நேரா புடிங்க. உங்க பக்கம் முன்னால வருது.”

“நா நேராத்தான் புடிச்சிருக்கேன். நீ பின்னால போ நாத்தனாரே.”

“நா ஏன் போகணும்? கோடு இங்கதான் இருக்கு.”

ஆறு மாதத்துக்குப் பிறகு அவர்கள் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று மாமா சொல்வார். மாமா கோட்டுக்குப் பக்கத்தில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்றார், படம் எடுக்க.

கோட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, நிழலில் பெஞ்சு மேல் மூன்று ஆசிரியர்கள் நின்றார்கள். ஒருத்தருக்கு ஒரு இடம் என்று பொறுப்பு. மலாய் டீச்சர் முதலாவது வருகிறவரை மட்டும் பார்க்க வேண்டும். கணக்கு சார் இரண்டாவதை மட்டும். நூலகத்து டீச்சர் மூன்றாவதை மட்டும். வேறு யாரையும் பார்க்கக் கூடாது, பக்கத்து ஆளோடு பேசவும் கூடாது. பார்த்ததும் இறங்கி ஓடிவந்து அந்தப் பிள்ளையின் கையில் எண் எழுதின ஐஸ்கிரீம் குச்சியைக் கொடுக்க வேண்டும். சாருடைய ஃபைலில் அப்படித்தான் இருந்ததாம், குச்சி மட்டும் அவர் சொந்த யோசனை.

சார் இரண்டு பலகையைச் சேர்த்து அறைந்தார். ஓடினோம்.

ஓட்டத்தைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. காதில் காற்று, காலுக்குக் கீழே தார், புல், பள்ளம், புல். வலது பக்கம் அவள் மூச்சு. கடைசியில் வயிற்றில் நூல் பட்டது தெரிந்தது. அவள் கழுத்திலும் நூல் இருந்தது. நின்று மூச்சு வாங்குவதற்குள் மலாய் டீச்சர் ஓடிவந்து என் கையில் குச்சியைத் திணித்தார். ஒன்று. நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் கணக்கு சார் ஓடிவந்து என் இன்னொரு கையில் ஒரு குச்சியைத் திணித்தார். இரண்டு. நூலகத்து டீச்சர் மூன்றாவது குச்சியை மஞ்சள் இல்லத்துக்காரியிடம் கொடுத்தார்.

முதலாவதும் நான், இரண்டாவதும் நான். அவள் எங்கேயும் வரவில்லை. காலிக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, “சார், நா ஓடுனேன் சார்” என்று ஓவென்று அழுதாள்.

மலாய் டீச்சரைக் கேட்டார்கள். “பெரூட் டியா டூலு” என்றார். என் வயிறுதான் முன்னால் வந்தது என்று அர்த்தம். கணக்கு சாரைக் கேட்டார்கள். “நா மொகத்தத்தான் பாத்தேன். அந்தப் புள்ள மொகம் முன்னால, இந்தப் புள்ள மொகம் பின்னால. அப்ப இவதான ரெண்டாவது?” என்றார். அவரவர் பொறுப்பை அவரவர் ஒழுங்காகச் செய்திருந்தார்கள். என் வயிறு முதலாவதும் என் முகம் இரண்டாவதும் வந்திருந்தது.

“அலமாக்!” என்று மலாய் டீச்சர் தலையில் கை வைத்தார்.

சார் ஃபைலைப் பிரித்தார். “தல, கழுத்து, கை, காலு, இதெல்லாம் கணக்குல வராது. மிச்ச ஒடம்பு எது மொதல்ல கோட்டுக்கு வருதோ அதுதான் கணக்கு.”

“மிச்ச ஒடம்புன்னா?” என்றார் அத்தை.

“நெஞ்சு...”

“நெஞ்சுன்னா நெஞ்சோட நிறுத்துங்க சார். வயித்த யாரு கேட்டா? வயித்துலயா ஓடுறாங்க?”

“வயிறும் மிச்ச ஒடம்புதாம்மா.”

“அப்ப நாளைக்கு மாசமா இருக்குறவ ஓடுனா அவதான் ஃபர்ஸ்ட்டா?”

அம்மாவுக்கு வந்ததே கோபம். “அண்ணி, எம் மவ தொப்பைய நா திட்டுவேன். நீங்க திட்டக் கூடாது. நீங்க நூல உங்க பக்கம் வளைச்சத நா சொன்னேனா?”

“யாரு வளைச்சா? நீதான் இழுத்த!”

மாமாவின் கைப்பேசியைப் பார்க்கலாம் என்றார்கள். எல்லாரும் அதைச் சுற்றிக் குனிந்தார்கள். வீடியோவில் நாங்கள் நன்றாகத்தான் ஓடிவருகிறோம். கோட்டுக்குப் பத்தடி இருக்கும்போது மாமாவுக்கு உணர்ச்சி வந்து கையைத் தூக்கிவிட்டார். அதற்குப் பிறகு வானம். ஒரு செம்பனை மட்டை. மாமாவின் செருப்பு. பின்னணியில் அவர் மகள் பெயரையும் என் பெயரையும் மாற்றி மாற்றிக் கத்துகிறார்.

“யாரு புள்ளைக்குங்க கத்துறீங்க?” என்று அத்தை அவரைப் பிடித்துக்கொண்டார்.

“ரெண்டும் நம்ம புள்ளதானே” என்றார் மாமா. அதற்கு அவருக்குக் கிடைத்தது இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே மாதிரி முறைப்பு.

கடைசியில் சார் எங்களை மறுபடி கோட்டில் நிற்கவைத்தார். ஓடி வந்தபோது எப்படிச் சாய்ந்தோமோ அப்படியே சாய்ந்து காட்டச் சொன்னார். கரும்பலகைக்குக் கோடு போடும் நீள மர ரூலரைக் கொண்டுவந்து எங்களுக்கு முன்னால் குறுக்கே பிடித்தார். அவள் நெஞ்சு முதலில் தொடுகிறதா, என் வயிறு முதலில் தொடுகிறதா என்று பார்க்க. பள்ளிக்கூடம் முழுக்க என் வயிற்றைப் பார்த்தது. சிறப்பு விருந்தினர்கூட எழுந்து நின்று பார்த்தார். எனக்கு வெட்கம் தாங்கவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துத் தொப்பையை உள்ளே வைத்துக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அது எனக்கு உதவியாக இருந்த நேரத்தில்.

“மூச்ச விடுடி!” என்று அம்மா கத்தினார். “விடு! எதுக்குடி இழுத்துப் புடிக்கிற? விட்டுத் தொல!”

விட்டேன். ரூலர் இரண்டு பேரையும் ஒன்றாகத் தொட்டது. சமம் என்றார் சார்.

அப்போதுதான் மஞ்சள் இல்லத்துக்காரி வந்து நின்றாள். நீயும் இந்தக் குழுவில்தான் இருக்கிறாய், கோபித்துக்கொள்ளாதே.

“சார், அவங்க ரெண்டு பேரும் ஃபர்ஸ்ட்னா நா செகண்ட்தானே?”

“இல்லம்மா. உனக்கு முன்னால ரெண்டு பேரு வந்துட்டாங்க. நீ மூணாவதுதான்.”

“அப்ப ரெண்டாவது யாரு?”

“ரெண்டாவது இல்ல.”

“அந்தப் பரிசு வாளி இருக்கே சார், சோப்பு, துண்டெல்லாம் போட்டு?”

சார் ஃபைலைப் புரட்டினார். வாளியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

மேடையில் இரண்டு பேரையும் முதல் படியில் ஏற்றிவிடலாம், ஆனால் மாவட்டப் போட்டிக்கு ஒரு ஆள்தான். விதிப்படி அதற்கு மறுபடியும் ஓட வேண்டும். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. தலைமையாசிரியை குடையை எடுத்து வைத்துக்கொண்டு, “சீக்கிரம் சார்” என்றார். நூலை இரண்டு பூப்பந்துக் கம்பத்தில் கட்டிவிடலாம் என்று சார் சொன்னதும், அதுவரை அடித்துக்கொண்ட அம்மாவும் அத்தையும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டார்கள். “எங்க மேல சந்தேகமா சார்?” சார் நூலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

முகம் கழுவக் குழாயடிக்குப் போனபோது அவளும் வந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

“ஏய், இப்பவும் சமமாவே வருவோம்டி.”

“எப்படி?”

“மெதுவா, சேந்தே ஓடுவோம். மறுபடியும் சமம்னா சார் என்ன பண்ணுவாரு? ரெண்டு பேரையும்தான் அனுப்பணும்.”

“ஏமாத்த மாட்டியே?”

“சத்தியமா. நீ?”

“சத்தியமா.”

அவள் தலையில் நான் கை வைத்தேன், என் தலையில் அவள் கை வைத்தாள். ஈரக் கை, தண்ணீர் என் காதுக்குள் வழிந்தது.

பலகை அறைந்தது. நாங்கள் ஓடினோம் என்று சொல்ல முடியாது. சந்தைக்குப் போகிற இரண்டு ஆண்ட்டிகள் மாதிரி ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டே போனோம். கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. “ஏய், இது நடைப் போட்டி இல்ல!” என்று சார் கத்தினார். அவள் கொஞ்சம் முன்னால் போனால் நின்றாள், நான் கொஞ்சம் முன்னால் போனால் நின்றேன். அப்படியே கோட்டுக்குப் பத்தடி வரை வந்துவிட்டோம்.

அப்போது எனக்கு அந்த ஜிப் ஞாபகம் வந்தது. கடைசி அடியில் கொஞ்சூண்டு சாய்ந்தால் யாருக்குத் தெரியப்போகிறது, தடுக்கிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒளித்து என்ன ஆகப்போகிறது, நான் பாய்ந்தேன். வயிற்றை எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளிப் பாய்ந்தேன்.

அதே நொடியில் அவளும் பாய்ந்தாள்.

இரண்டு பேரும் கோட்டின் மேலேயே குப்புற விழுந்தோம். வாயில் புல், வாயில் சிவப்பு நூல். தலையைத் தூக்கிப் பார்த்தால் பக்கத்தில் அவள் முகம்.

“நீயுமாடி?”

“நீயுமாடி?”

சத்தியம் செய்த இரண்டு பேரும் ஒரே நொடியில் ஏமாற்றியதால் மறுபடியும் சமம். சிரிப்பு வந்துவிட்டது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தோம். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அழுகிற மாதிரி இருந்திருக்கிறது, யாரோ தைலத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள்.

மழை தூற ஆரம்பித்தது. தலைமையாசிரியைக்குப் பொறுமை போய்விட்டது. “போதும். ஒன் டூ ஸூம் போடுங்க. ஜெயிக்கிறவ போகட்டும்” என்றார். சாருடைய முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவர் ஃபைலில் ஒன் டூ ஸூம் கிடையாது.

நாம் வகுப்பில் கேண்டின் வரிசைக்குப் போட்ட அதே ஒன் டூ ஸூம்தான். விரல்களைக் குவித்தால் பறவை, கையை மூடினால் கல், விரித்தால் தண்ணீர். கல் பறவையை அடிக்கும், பறவை தண்ணீரைக் குடிக்கும், தண்ணீர் கல்லை மூழ்கடிக்கும். மழையில் நின்று போட்டோம். பறவை, பறவை. கல், கல். கல், கல். தண்ணீர், தண்ணீர். பன்னிரண்டு வருஷம் ஒரே சந்தில் வளர்ந்தவர்களுக்கு வேறு என்ன வரும்? ஆறு தடவை அப்படியே வந்தது. சிறப்பு விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏழாவது தடவை நான் விரித்தேன், அவள் மூடியிருந்தாள்.

நான் போனேன். எட்டுப் பேரில் ஏழாவது வந்தேன். அந்த ஓட்டத்தில் வேறு இரண்டு பிள்ளைகள் மூன்றாவது இடத்தில் சமமாக வந்தார்கள். அதிகாரிகள் கம்ப்யூட்டரில் ஒரு படத்தைப் பார்த்தார்கள். ஒலிபெருக்கியில் இரண்டு பேரும் மூன்றாவது என்றார்கள். யாரும் சண்டை போடவில்லை. அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள்கூடச் சும்மா இருந்தார்கள். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவள், “அவ்ளோதானா?” என்றாள். “இதுக்கா அழுதேன்? நம்ம ஸ்கூலே பரவால்ல லா.”

ட்ராக் சூட்டை அவள் விடவில்லை. சமம் என்றால் பாதி எனக்கு என்றாள். மேல்சட்டையை நான் வைத்துக்கொண்டேன், ஜிப் அதில்தான் இருந்தது. கால்சட்டையை அவள் எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நாள் தாமானில் இரண்டு பேரும் சேர்ந்து நடந்தால்தான் ஒரு முழு ட்ராக் சூட் போகும். எங்கே போச்சோ அது.

எங்களுக்குள் அதோடு முடிந்தது. அம்மாக்களுக்குள் முடியவில்லை. அத்தை பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொரு தீபாவளிக்கும், “ஓட்டத்துல ஜெயிச்சது எம் மவ. தண்ணி காட்டிட்டுப் போனவ நீ” என்பார். அம்மா, “நூல வளைச்சவங்க பேசக் கூடாது அண்ணி” என்பார். நூலை விரல் நுனியளவுகூட நகர்த்தவில்லை என்று சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தவர் அம்மா. அத்தையும் செய்திருக்கிறார், வேறு சாமிக்கு முன்னால்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அவள் தினமும் எல்லை தாண்டிச் சிங்கப்பூரில் ஃபேக்டரி வேலைக்குப் போனாள், நான் டோபி கடைக்கு. பெர்மாஸ் ஜெயாவில் ஒரே அறையில் இருந்தோம். ஒரு திங்கட்கிழமை காய்ச்சல் என்றாள். மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். புதன்கிழமை ஆஸ்பத்திரி, கொசுக் காய்ச்சல் என்றார்கள். சனிக்கிழமை இல்லை. இருபத்து நாலு வயது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நீங்களெல்லாம் வந்தீர்கள். சாப்பிட்டுவிட்டுக் கூடாரத்தில் உட்கார்ந்து இதே பேச்சைத்தான் பேசினீர்கள். அவளா, நானா என்று. அத்தைக்குக் கேட்டுவிடப்போகிறது என்று நான் உங்களுக்குக் கண்ணைக் காட்டினேன். நீங்கள் போன பிறகு நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

நானும் அம்மாவும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். அத்தை வெளியே வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தப் பதினாறு நாளில் அவர் வாயிலிருந்து, தண்ணி குடு, கதவ சாத்து, இவ்வளவுதான் வந்திருந்தது.

“உங்க கூட்டாளிங்க என்னமோ பேசிக்கிட்டாங்களே. அந்த ஓட்டத்தப் பத்தி.”

“சும்மா அத்த. ஒண்ணுமில்ல.”

“நீ சொல்லு. யாரு ஜெயிச்சா?”

பன்னிரண்டு வருஷத்தில் அத்தை என்னை ஒரு தடவைகூட இதைக் கேட்டதில்லை. அவர்தான் எப்போதும் சொல்வார். அவர் கண்ணைப் பார்த்தேன். என்னால் வேறு எதுவும் சொல்ல முடியவில்லை.

“அவதான் அத்த. ஒரு வெரக்கட முன்னாடி.”

அம்மா கையில் நாற்காலியோடு அப்படியே நின்றுவிட்டார். ஐயோ, அம்மா இப்போது வாயைத் திறக்கப்போகிறார் என்று எனக்குப் பயம். அம்மா நாற்காலியைக் கீழே வைத்தார்.

“ஆமா அண்ணி. உங்க மவதான். நாந்தான் நூல கொஞ்சம் எம் பக்கம் இழுத்துட்டேன்.”

கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்த அம்மா.

அத்தை எங்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். முகம் சிவந்தது.

“ரெண்டு பேரும் எனக்குப் பாவம் பாக்குறீங்களா?”

“இல்ல அண்ணி...”

“அந்தக் கோட்டுக்கு நேரா நின்னவ நா. மத்தவங்கல்லாம் நெழல்ல தள்ளி நின்னு, சாய்வா பாத்தாங்க. நாந்தான் நேரா பாத்தேன். ரெண்டும் ஒண்ணாத்தான் வந்துச்சுங்க. மயிரிழ வித்தியாசம் இல்ல. எம் மவளுக்கு யாரும் ஒரு வெரக்கட சும்மா குடுக்க வேணாம்.”

“அன்னைக்கே தெரியுமா அத்த?”

“அன்னைக்கே தெரியும்.”

“அப்புறம் ஏன் அத்த இத்தன வருஷமா...”

“உங்கம்மா மட்டும் விட்டாளா?”

“நா இழுத்தேன்னு இப்ப ஒத்துக்கிட்டேன்ல அண்ணி?” என்றார் அம்மா.

“நீ இழுக்கல.”

“இழுத்தேன்னு நாஞ் சொல்றேன், நீங்க என்ன இழுக்கலன்னு சொல்றீங்க?”

“இந்த முனை யாரு கையில இருந்துச்சு? நீ இழுத்திருந்தா எங் கைக்குத் தெரியாதா?”

“மெதுவா இழுத்தேன்.”

“இழுக்கலடி!”

“இழுத்தேன் அண்ணி!”

உள்ளேயிருந்து மாமா ஓடிவந்தார். “மறுபடியுமா? எழவு வீட்டுலயுமா?” என்றார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தை எழுந்து நின்று, கையை நீட்டி, நூலை எப்படிப் பிடித்திருந்தார் என்று காட்ட ஆரம்பித்தார். அம்மா நாலடி தள்ளிப்போய் எதிர்ப்பக்கம் நின்று கையை நீட்டினார். அத்தையின் குரல் பின்பக்கத்துச் சந்து வரை கேட்டது. பக்கத்து வீட்டு விளக்கெல்லாம் எரிந்தது.

சமம். குழுவில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

நான் மாமாவுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, எனக்கும் ஒன்றைப் போட்டுக்கொண்டு, அவர்கள் முடிக்கிறவரை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.